மஞ்சள் தூணின் அளவு

அத்தியாயம் 3

மூன்று தூண்கள் தரையில் கிடந்தன. நான்காவது தூண் மட்டும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலைக் கொத்து கட்டியபடி நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

"முருகன் செயலப் பாத்தீங்களாம்மா?" என்றார் புவனேஸ்வரன். தண்ணீர்ப்பந்தல் கமிட்டியின் தலைவர். லிட்டில் இந்தியாவில் பெரிய சேலைக்கடைக்குச் சொந்தக்காரர். "வளைவே சரிஞ்சு விழுந்துடுச்சு. முகூர்த்தக்கால் மட்டும் அசையல லா."

ஜெகதீஸ்வரிக்கு முருகன் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாதி ஆயுளைக் காப்புறுதி நிறுவனத்தில் விபத்துகளை விசாரித்தே கழித்தவள். இப்போது லெபோ பாசாரில் ஒரு ரொட்டிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். விழுந்ததைக் கண்டால் அவளுக்கு அனுதாபம் வரும். விழாமல் நிற்பதைக் கண்டால் சந்தேகம் வரும்.

"ஷஃபீக், அளந்து பாரு."

அவளுடைய உதவியாளன் ஷஃபீக் விழுந்த தூண் ஒன்றின் பக்கத்தில் குந்தி, டேப்பை நீட்டினான். "குறுக்களவு அறுபது மில்லி, கா. நம்ம நாசி கண்டார் சோத்துக்கடைக் குழம்பு வாளிக்கு இத விடத் தடியா கைப்பிடி இருக்கு."

"வாய மூடிக்கிட்டு அளக்க வராதா உனக்கு?"

"முயற்சி பண்ணேன். கை நடுங்குது."

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையின் இரு பக்கமும் பந்தல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்தப் பந்தலின் முகப்பு வளைவு, மேலே கண்ணாடி இழையில் செய்த பெரிய மயிலோடு நேற்று மாலை சரிந்தது. மயில் தோகையில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த வேலு என்ற தொழிலாளி அதோடு சேர்ந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வார்டு வாசலில் அவர் மனைவி ருக்குமணி வந்தவர்களிடமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதானாம். அந்தப் பொண்ணு தப்பா வரைஞ்சிடுச்சா?

அந்தப் பொண்ணு பிரமிளா. பந்தலைக் கணினியில் முப்பரிமாணத்தில் வரைந்து கொடுத்தவள்.

"இன்னிக்குச் சாயந்திரம் கமிட்டி கூடுது," என்றார் புவனேஸ்வரன். "அந்தப் பிள்ள மேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறோம். அதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டா நல்லா இருக்கும்னுதான் உங்களக் கூப்பிட்டேன். மத்தபடி, எல்லாம் இதுலயே இருக்கு."

கையிலிருந்த டேப்லட்டை அவர் உயர்த்திப் பிடித்தார். திரையில் வளைவு அழகாகச் சுழன்றது. அவர் ஒரு தூணைத் தொட்டார். ஓரத்தில் சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. நிறம், உயரம், விட்டம் என்று அந்த உருவத்தின் குணங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன.

"பாருங்க. விட்டம் ஐம்பது புள்ளி எட்டு. ரெண்டு இஞ்சு! இவ்ளோ பெரிய மயிலுக்கு ரெண்டு இஞ்சுத் தூணா? நான் ஜவுளிக்காரன். எனக்கே தெரியுது."

"நல்லாப் பழகி வெச்சிருக்கீங்களே அண்ணே."

அவர் முகம் மலர்ந்தது. "அந்தப் பிள்ளதான் சொல்லிக் கொடுத்துச்சு. கலர் பூரா என்னோட செலக்‌ஷன். மயில் கழுத்துக்கு மட்டும் எத்தன தடவ மாத்தியிருப்பேன்! இன்னிக்குக் காலையில கூடக் கொஞ்சம் அடக்கி வெச்சேன். ஆள் அடிபட்டுக் கெடக்கறப்ப பளபளன்னு இருந்தா நல்லா இருக்காதில்ல."

விழுந்த வளைவுக்குப் படத்தில் நிறம் மாற்றுகிற மனுஷனை ஜெகதீஸ்வரி ஒரு கணம் பார்த்தாள்.

ஷஃபீக் இதற்குள் ஒரு தூணின் தலையில் மாட்டியிருந்த தாமரை வடிவ வளையத்தை நோண்டிக்கொண்டிருந்தான். வளையத்துக்கும் தூணுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அதில் திணித்திருந்ததை உருவினான். ஜரிகை ஓரம் போட்ட பட்டுத் துண்டு.

"தூணுக்கு ஃபால்ஸ் வெச்சுத் தெச்சிருக்காங்க, கா."

"மஞ்சள் தூணையும் அள."

டேப்பைக் கண்டதும் கூட்டம் சீறியது. "தம்பி! முகூர்த்தக்கால அளக்கறதா? விழா முடியற வரைக்கும் அதுகிட்ட கருவி எதும் போகக் கூடாது!"

வழக்கமாக முகூர்த்தக்காலுக்கு மூங்கில் நடுவார்கள். இந்தக் கமிட்டி இரும்புப் பந்தல் என்பதால் முகப்பின் முதல் தூணையே பூசை போட்டு நட்டுவிட்டது. நட்ட பிறகு அதைப் பிடுங்கவோ மாற்றவோ யாருக்கும் தைரியம் வராது.

ஜெகதீஸ்வரி செருப்பைக் கழற்றினாள். தூணின் முன் போய் நின்று, கண்களை மூடி, இரண்டு கைகளாலும் அதைப் பக்தியோடு பற்றிக்கொண்டாள். கூட்டம் சமாதானமானது. திரும்பி வரும் வழியில், விழுந்து கிடந்த தூண் ஒன்றையும் குனிந்து பிடித்தாள். அதற்கு ஒரு கையே போதுமாக இருந்தது.

காரில் ஏறியதும் ஷஃபீக் கேட்டான். "என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"ரெண்டு கையும் தேவப்பட்டுச்சு. அது முருகன் செயல் இல்லடா. தடிமன் செயல்."

*

கேம்பல் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பிரமிளாவின் அலுவலகம் இருந்தது. அவள் கண்கள் வீங்கியிருந்தன. மேசையில் வாங்கி வைத்த தே ஓ தேநீரில் ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

"வாசல் வரைக்கும் போனேன்கா. அவங்க மூஞ்சப் பாத்து என்னன்னு சொல்றது? திரும்பி வந்துட்டேன்."

"நீ என்ன அளவு போட்ட?"

"நூத்திப் பதினாலு. நாலு இஞ்சு பைப்பு. பழைய காப்பி இருக்கு, காட்டினேன். விழுந்தப்புறம் நீயே தயார் பண்ணியிருப்பேன்னு சொல்லிட்டாங்க."

"பண்ணியிருக்கலாமே."

பிரமிளா நிமிர்ந்து பார்த்தாள். ஷஃபீக் கூடக் கொஞ்சம் நெளிந்தான். ஜெகதீஸ்வரிக்கு இரக்கம் உண்டு, ஆனால் கேள்வி முடிந்த பிறகுதான் அதை வெளியே எடுப்பாள்.

"பண்ணியிருக்கலாம்," என்றாள் பிரமிளா மெதுவாக. "ராத்திரி பூரா அதான்கா யோசிச்சேன். தூக்கக் கலக்கத்துல நான்தான் ஏதாச்சும் மாத்திட்டேனோன்னு. கோப்பில கடைசியா மாத்தினது யாருன்னு பாத்தா என் பேருதான் இருக்கு."

"உன் பேருல வேற யாரு உள்ள போவா?"

"எல்லாரும். ஒரு லைசன்ஸ்தான் வாங்கினோம். தலைவர் டேப்லட், வெல்டிங் பண்ற லோகேஸ் அண்ணன் பட்டறையில ஒரு லேப்டாப், எல்லாத்துலயும் என் பேரும் பாஸ்வேர்டும்தான்."

"கடைசியா எப்ப மாத்தினதுன்னு காட்டுமா?"

"இன்னிக்குக் காலையிலன்னு காட்டுது. தலைவர் மயில் கலர மாத்திச் சேவ் பண்ணிட்டாரு. அதுக்கு முன்னால நடந்தது எதுவும் தெரியாது."

"மயில் நல்லா எச்சமிட்டு மூடியிருக்கு," என்றான் ஷஃபீக்.

ஜெகதீஸ்வரி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள். "மஞ்சள் தூணக் காட்டு."

பிரமிளா அதைத் தொட்டாள். பெட்டி திறந்தது. ஐம்பது புள்ளி எட்டு.

"இதுவும் ஒல்லி. ஆனா அங்க நிக்கறது தடி. நான் கட்டிப் பிடிச்சிட்டு வர்றேன்."

"அது அப்படித்தான்கா வரும். நாலு தூணும் தனித்தனி இல்ல. ஒரு தூண வரைஞ்சு, அதையே நாலு எடத்துல வெச்சிருக்கேன். ஒன்னுல அளவ மாத்தினா நாலும் சேர்ந்து மாறும். கலர் மட்டும் வெளியில பூசறது. அதனால இது மட்டும் மஞ்சளா இருக்கு."

"நீ தூண ஒல்லியாக்கணும்னா என்ன பண்ணுவ?"

"முதல்ல மஞ்சளப் பிரிச்சுத் தனியாக்கிடுவேன். அதுதான் ஏற்கெனவே நட்டாச்சே. பிரிக்கலன்னா படம் ஒன்னு, நிக்கறது ஒன்னுன்னு ஆயிடும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அப்ப இத நான் செய்யலையா?"

"அவசரப்படாத. தெரியாதவன் செஞ்சது மாதிரி செய்யத் தெரிஞ்சவளும் உண்டு." ஜெகதீஸ்வரி எழுந்தாள். "நீ நம்பர் போடறப்ப புள்ளி வெச்சுப் போடுவியா?"

"இல்லக்கா. மில்லில முழுசாத்தான் போடுவேன்."

படிக்கட்டில் இறங்கும்போது ஷஃபீக் சொன்னான். "அந்தப் பொண்ணு பாவம், கா."

"பாவமா இருக்கறதும் பொய் சொல்றதும் ஒரே ஆளால முடியும். வண்டிய எடு. சிம்பாங் அம்பாட் பட்டறைக்குப் போறோம்."

*

கடல் பாலம் தாண்டிப் போவதற்குள் ஷஃபீக் வழக்கை முடித்து, குற்றவாளியை ஜெயிலிலும் போட்டுவிட்டான். "லோகேஸ்வரன்தான். வெல்டிங் பண்றவன். மெல்லிசு பைப்புல கட்டிட்டான். விழுந்ததும் பயந்து படத்த மாத்திட்டான். லேப்டாப் இருக்கு, பாஸ்வேர்ட் இருக்கு. வேற என்ன வேணும்?"

"ஆதாரம்."

"அதான் போய்க்கிட்டிருக்கோமே."

பட்டறையில் லோகேஸ்வரன் அவர்களைப் பார்த்ததும் முகமூடியை இறக்கிவிட்டுத் தீப்பொறி பறக்க வேலையைத் தொடர்ந்தார். பேச விருப்பமில்லாதவருக்கு வெல்டிங் நல்ல தொழில். ஷஃபீக் போய்ச் சுவிட்சை அணைத்தான்.

"யார்ரா நீ?"

"மின்சார வாரியம். சும்மா சொன்னேன்ணே. அக்கா பேசணுமாம்."

"தூணுக்குப் பைப்பு வாங்கினது யாரு லோகேஸ்?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"கமிட்டி. லாரியில வந்து எறங்குச்சு. நான் ஒட்டறவன், அவ்ளோதான்."

"படத்துல இருந்ததும் வந்து எறங்கினதும் ஒன்னா?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். மூலையில் மிஞ்சிப்போன தாமரை வளையம் ஒன்று கிடந்தது. ஷஃபீக் அதைக் கையில் வளையலாகப் போட்டுப் பார்த்தான், முழங்கை தாண்டி ஏறியது.

"வளையம் பெரிசு, தூண் சிறிசு. நடுவுல பட்டுத் துண்டு. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எனக்கு வேல கெடக்குக்கா. போலீஸ் வந்தா போலீஸ்கிட்ட பேசிக்கறேன்."

ஷஃபீக் ஜெகதீஸ்வரியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் வாசல் வரை போய், ஏதோ மறந்ததுபோல் திரும்பினாள்.

"சரி, என் வேலையாச்சும் பாத்துக் கொடுங்க. வீட்டு கேட்டுக்கு ரெண்டு இஞ்சு பைப்பு போடணும். பொண்ணு ஒருத்தி கம்ப்யூட்டர்ல வரையறா. விட்டம் எவ்ளோன்னு போடச் சொல்றது?"

"அறுபது," என்றார் அவர் யோசிக்காமலே.

"ரெண்டு இஞ்சுன்னா ஐம்பது சொச்சம்தானே வரும்?"

"அது பைப்போட பேருக்கா. வெளிய அளந்தா அறுபது. பைப்பத் தொட்ட எவனும் ஐம்பதுன்னு போட மாட்டான்."

"நாலு இஞ்சு?"

"நூத்திப் பதினாலு."

"நல்லது. சாயந்திரம் கமிட்டிக்கு வந்துடுங்க. வராட்டி நீங்கதான்னு எல்லாரும் முடிவு பண்ணிடுவாங்க. வேலு உங்ககூடத்தான் இத்தன வருஷமா வேல செஞ்சாரு, இல்ல?"

அவர் முகமூடியை மறுபடியும் போட்டுக்கொண்டார். வெல்டிங் சத்தம் மட்டும் வரவில்லை.

காரில் ஷஃபீக் கதவை அறைந்து சாத்தினான். "பாத்தீங்களா? முழிக்கிற முழியே சரியில்ல."

"எதையோ மறைக்கிறான். ஆனா படத்த மாத்தினது அவன் இல்ல."

"பின்ன யாரு?"

"விழுந்த தூண் அறுபது. நீதான அளந்த? படத்துல இருக்கறது ஐம்பது புள்ளி எட்டு. அந்தப் படத்தப் பாத்து இந்தத் தூணக் கட்டல. கட்டி, விழுந்து, அப்புறம் எவனோ தூணுக்குப் பொருத்தமா படத்த மாத்தியிருக்கான். அவனுக்குத் தூணோட பேரு தெரியும். உடம்பு தெரியாது."

ஷஃபீக் தன் குற்றவாளியை ஜெயிலிலிருந்து விடுவித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

*

பந்தலில் நாற்காலிகள் போட்டுக் கமிட்டி கூடியிருந்தது. போலீசுக்குக் கொடுக்கிற தாள் தயாராக மேசைமேல் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. பிரமிளா ஓரமாக, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. லோகேஸ்வரன் கடைசியாக வந்து மஞ்சள் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"சொல்லுங்கம்மா," என்றார் புவனேஸ்வரன். "படம் தப்புதானே?"

"தப்புதான் அண்ணே. சந்தேகமே இல்ல."

பிரமிளா கண்களை மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு உதவி. மறுபடியும் கட்டணும்ல? தூண நாலு இஞ்சு பைப்பா மாத்தினா எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் காட்டுங்களேன். நீங்கதான் கை தேர்ந்தவரு."

புகழ்ச்சிக்கு அவர் மறுப்புச் சொன்னதே இல்லை. டேப்லட்டைப் பெரிய திரையில் இணைத்தார்கள். அவர் வெள்ளைத் தூண் ஒன்றைத் தொட்டார். பெட்டி திறந்தது. விட்டம் என்ற இடத்தில் நான்கு என்று தட்டி, பக்கத்தில் இஞ்சுக்கான இரட்டைக் கோட்டையும் தட்டினார். மென்பொருள் அதைத் தானே மில்லியாக மாற்றிக்கொண்டது.

நூற்று ஒன்று புள்ளி ஆறு.

கூடவே மஞ்சள் தூணும் பருத்தது.

"இதெப்படி இதுவும் மாறுது?" என்றார் அவர்.

"அது நேத்து ராத்திரியும் மாறிச்சு. மஞ்சளா இருக்கறதால வேற தூண்னு நெனச்சு நீங்க பாக்கல." ஜெகதீஸ்வரியின் குரல் உயரவில்லை. "நாலு இஞ்சு பைப்புக்கு பிரமிளா போடறது நூத்திப் பதினாலு. லோகேஸ் சொல்றதும் நூத்திப் பதினாலு. வெளிய அளந்தா அவ்ளோதான் வரும். ரெண்டு இஞ்சு பைப்பு அறுபது. ரெண்டு இஞ்சுன்னா ரெண்டு இஞ்சாவே போடறவரு இங்க ஒருத்தர்தான். சேலை பார்டர் ரெண்டு இஞ்சுன்னா ஐம்பது புள்ளி எட்டுத்தான். உங்க கடையில அது சரி. பைப்புக் கடையில தப்பு."

"ஒரு நம்பர வெச்சு என்னயவா சந்தேகப்படறீங்க? உங்களக் கூப்பிட்டதே நான் லா!"

"ஆமா. படம் உங்களுக்குச் சாட்சி சொல்லும்னு நம்பிக் கூப்பிட்டீங்க."

ஷஃபீக் பையிலிருந்து பட்டுத் துண்டை எடுத்து மேசையில் போட்டான். "அண்ணே, உங்க கடை ஜரிகைதானே? துவச்சுக் கொண்டு வரட்டுமா?"

மஞ்சள் தூணுக்குப் பின்னாலிருந்து லோகேஸ்வரன் முன்னால் வந்தார்.

"போதும் தலைவரே. பைப்பு வந்தன்னிக்கு நான் உங்களுக்குப் போன் பண்ணேன். மெல்லிசா இருக்கேன்னு கேட்டேன். டிசைன் மாத்தியாச்சு, அந்தப் பிள்ளகிட்டப் பேசியாச்சு, ஒட்டுன்னீங்க. வளையம் லூசா இருக்குன்னதும் துணி மூட்ட அனுப்பினீங்க. நானும் ஒட்டினேன். அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கோயில் வேல எல்லாம் உங்க மூலமா வருதேன்னு கேக்காம விட்டுட்டேன்." அவர் கீழே கிடந்த தூணைப் பார்த்தார். "வேலுவ ஏறச் சொன்னது நான்தான்."

புவனேஸ்வரன் எதிர்ச் சாரியில் இருந்த பந்தலைப் பார்த்தார். அங்கே யானைத் தலை வைத்த முகப்பு என்றைக்கோ எழும்பிவிட்டது, விளக்குகூடப் போட்டுவிட்டார்கள்.

"பூசைக்கு ஒரு நாலு இஞ்சுதான் கெடச்சுது, மீதி வர நாளாகும்னுட்டாங்க," என்றார். "அவங்க வளைவு ஏறிடுச்சு. நம்மளது மொட்டையா நின்னுச்சு. பட்டுச் சுத்திட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். விழும்னு நெனைக்கல."

"விழுந்தப்புறம் நெனச்சீங்களே," என்றாள் ஜெகதீஸ்வரி. "நேத்து ராத்திரியே ஒரு பொண்ணோட வாழ்க்கையில கை வெச்சு நம்பர மாத்தினீங்களே. அத என்னன்னு சொல்றது?"

கமிட்டிக்காரர் ஒருவர் மேசைமேல் இருந்த தாளை எடுத்து, பிரமிளாவின் பெயர் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, நான்காகக் கிழித்தார். நடந்ததை எழுதிக் கொடுக்கப் புதிய தாள் ஒன்றை லோகேஸ்வரனே கேட்டு வாங்கினார்.

பிரமிளா திரைக்குப் போனாள். யாரும் சொல்லாமலே பெட்டியைத் திறந்து நூற்றுப் பதினாலு என்று தட்டினாள். நான்கு தூண்களும் ஒன்றாக நிமிர்ந்தன. அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

"ஷஃபீக் அண்ணே, என்னய ஆஸ்பத்திரியில விட முடியுமா?"

"ஏறுங்க. வழியில மூஞ்சிய மட்டும் தொடச்சிக்கங்க. இல்லாட்டி நான்தான் அழவெச்சேன்னு அக்கா என்னயும் விசாரிப்பாங்க."

*

வார்டு வாசல் பெஞ்சில் ருக்குமணி உட்கார்ந்திருந்தாள். ஜெகதீஸ்வரியும் ஷஃபீக்கும் தள்ளி நின்றுகொண்டார்கள். பிரமிளா நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"அக்கா, நான்தான் பிரமிளா. நான் தப்பா வரையல. நான் போட்ட அளவ மாத்திட்டாங்க. பைப்பையும் மாத்திட்டாங்க. தெரிஞ்சுபோச்சு."

ருக்குமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் ஷஃபீக் நினைத்தான். அவள் எழுந்து பிரமிளாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உள்ள வா. இத அவருகிட்ட நீயே சொல்லு."

"இப்பவா? தூங்கறாரோ என்னவோ."

"எங்க தூங்கறாரு? நான்தான் கவனமில்லாம ஏறினேன், என் பாரந்தான் வளைவ சாச்சிடுச்சு, அந்தப் பொண்ண யாரும் ஒன்னும் சொல்லாதீங்கன்னு நேத்துலேர்ந்து பொலம்பிக்கிட்டே இருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. வரைஞ்சவ வந்து சொன்னா நம்புவாரு. வாம்மா."

கதவு இருவருக்கும் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. ஷஃபீக் வாயைத் திறந்தான். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்ல வந்ததைச் சொல்லாமல் மூடிக்கொண்டான்.